அந்தப் புறநகர் வீட்டுப் படத்துக்குக் காசு கொடுத்தது யார்?

ஆவணப்படங்களுக்கு எடிட்டிங் செய்யும் எனக்கு அடிக்கடி வரும் கோரிக்கை: "ஐம்பதுகளில் அமெரிக்கக் குடும்பங்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று காட்ட ஒரு பழைய கிளிப் போடுங்கள்." தேடினால் நிறையவே கிடைக்கும். புல்வெளி, புதுக் கார், ஏப்ரன் கட்டிய அம்மா, வேலை முடிந்து வரும் அப்பா. ஆனால் இவற்றில் பல, ஏதாவது ஒரு நிறுவனம் பணம் கொடுத்து எடுக்கவைத்த விளம்பரக் குறும்படங்கள். அதைச் சொல்லாமல் சரித்திரச் சான்றாகக் காட்டுவது பார்வையாளரை ஏமாற்றுவதுதான்.

1957இல் வந்த 'இன் த சபர்ப்ஸ்' படத்தைப் பாருங்கள். புறநகரில் குடியேறிய இளம் தம்பதிகள், குழந்தைகள், ஷாப்பிங் சென்டர் என்று உற்சாகமாகப் போகும். எடுக்கவைத்தது ரெட்புக் பத்திரிகை. அந்தக் குடும்பங்கள் பார்ப்பதற்காக அல்ல, விளம்பரம் தரும் கம்பெனிகள் பார்ப்பதற்காக. 'எங்கள் வாசகர்கள் இவ்வளவு வாங்குகிறார்கள், எங்களிடம் விளம்பரம் கொடுங்கள்' என்பதுதான் படத்தின் செய்தி. திரையில் தெரியும் குடும்பம்தான் அங்கே விற்பனைச் சரக்கு.

1954இல் வந்த 'த ஹவுஸ் இன் த மிடில்' இன்னும் துணிச்சலானது. அணுகுண்டுச் சோதனையில் மூன்று சிறிய வீடுகளை நிறுத்துகிறார்கள். சுத்தமாக வைத்து, பெயின்ட் அடித்த நடு வீடு மட்டும் வெப்பத்தில் எரியாமல் தப்புகிறது. அரசின் குடிமைப் பாதுகாப்புத் துறையோடு சேர்ந்து இதை எடுத்தது, பெயின்ட் உற்பத்தியாளர் சங்கத்தோடு தொடர்புடைய ஓர் அமைப்பு! வெளிர் நிறம் வெப்பத்தை எதிரொளிக்கும் என்பது உண்மைதான். அந்த உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு அணுகுண்டுப் பயத்தையே பெயின்ட் விற்கப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

சரி, இந்தப் படங்களில் வராதவர்கள் யார்? நியூயார்க்கின் லாங் ஐலண்டில் 1947இல் தொடங்கிய லெவிட்டவுன் என்ற குடியிருப்பு, இந்தப் புறநகர் வாழ்க்கைக்கே முன்மாதிரி. 17,000க்கும் மேற்பட்ட வீடுகள். வெள்ளையர் அல்லாதவர் அங்கே குடியிருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். பென்சில்வேனியாவில் இருந்த இன்னொரு லெவிட்டவுனில் முதல் கறுப்பினக் குடும்பம் குடிவந்தபோது, கும்பல் கூடி ஜன்னலில் கல்லெறிந்தது. 'இன் த சபர்ப்ஸ்' வந்த அதே 1957இல்தான் அதுவும் நடந்தது.

அதனால், இணையத்தில் சுற்றும் துண்டை அப்படியே எடுக்காதீர்கள். அதில் பெரும்பாலும் டைட்டில் கார்டு, அதாவது படத்தின் பெயரும் எடுத்தவர் பெயரும் வரும் பகுதி, வெட்டப்பட்டிருக்கும். பழைய படச் சேகரிப்பாளர் ரிக் பிரெலிங்கர் சேர்த்துவைத்த இதுபோன்ற ஆயிரக்கணக்கான படங்களில் பல, இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்தில் இலவசமாகவே இருக்கின்றன. முழுப் படத்தைப் பார்த்து, எடுக்கவைத்தவர் யார் என்று தேடுங்கள். அப்புறம் அந்தப் பெயரையும் வருடத்தையும் காட்சியின் மேலேயே எழுத்தில் போடுங்கள்.