மாற்றிவிட ஓர் ஆள்

அம்மாவின் இடது கட்டைவிரலில் அரிவாள்மனை கிழித்த காயம் ஒரு மாதத்துக்கு மேலாகியும் ஆறவில்லை. கோவில்பட்டி வீட்டில் பாட்டியை, அதாவது அப்பாவின் அம்மாவை, அப்போது மூன்றாவது வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டிக்கு மறதி நோய். ராத்திரி 2 மணிக்கு எழுந்து, "ஊருக்குப் போகணும், கதவத் திற" என்பார். "காலையிலதான் பஸ்ஸு அத்தை, இப்ப படுங்க" என்று அம்மா படுக்கவைப்பார். அரை மணி நேரத்தில் மறுபடியும் அதே பேச்சு. விரலைப் பார்த்த டாக்டர் சுகர் பார்க்கச் சொன்னார். சுகர் சரியாகவே இருந்தது. தண்ணீரில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லிக் களிம்பு எழுதிக்கொடுத்தார். போர்வையும் சேலையும் தினம் இரண்டு தடவை அலச வேண்டிய வீட்டில் அது எப்படி நடக்கும்?

அந்தக் காயம் ஆறாததற்கு ஈரம் மட்டும்கூடக் காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் பல வருடம் கழித்து ஓர் ஆய்வைப் படித்தபோது எனக்கு அந்த விரல்தான் கண்முன் வந்தது.

அமெரிக்காவின் ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர் செய்த ஆய்வு அது. 1995-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. மறதி நோய் வந்த உறவினரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் 13 பெண்கள், அதே வயதும் வருமானமும் உள்ள, அந்தப் பொறுப்பு இல்லாத 13 பெண்கள். எல்லோருக்கும் முழங்கைக்குக் கீழே 3.5 மில்லிமீட்டர் அகலத்தில், கிட்டத்தட்ட ஒரு மிளகளவு, தோலை வட்டமாக எடுத்தார்கள். பிறகு காயத்தைப் படம் எடுத்துக்கொண்டும், ஹைட்ரஜன் பெராக்சைடு சொட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டும் வந்தார்கள். திறந்த காயத்தில் அந்த மருந்து பட்டால் நுரைக்கும். தோல் முழுக்க மூடிவிட்டால் நுரைக்காது. நுரை நிற்கும் நாளே காயம் ஆறிய நாள். பொறுப்பு இல்லாதவர்களுக்குச் சராசரியாக 39.3 நாள் ஆனது. பார்த்துக்கொள்கிறவர்களுக்கு 48.7 நாள். ஒரே மாதிரியான சின்னக் காயம், ஆறுவதற்கு ஒன்பது நாள் கூடுதல்.

இது எப்படி நடக்கிறது? காயம் பட்டதும் உடல் முதலில் செய்வது ஆள் கூப்பிடுவதுதான். இன்டர்லூகின்-1 போன்ற வேதிப்பொருட்கள் வெளியாகி, கிருமியை ஒழிக்கவும் சிதைந்த திசுவை அகற்றவும் செல்களை வரவழைக்கின்றன. அந்த இடம் சிவந்து வீங்குவது இதனால்தான். மன அழுத்தம் ஏறும்போது அட்ரீனல் சுரப்பி விடும் கார்டிசால் இந்த அழைப்பின் குரலைத் தணிக்கிறது. பஸ்ஸைப் பிடிக்க ஓடும் பத்து நிமிடத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் மாதக்கணக்கில், ராத்திரியும் சேர்த்து, "இப்ப எழுந்திருப்பாங்களோ" என்று காது விழித்தே இருந்தால்? ஓஹையோ ஆய்விலும் பார்த்துக்கொள்ளும் பெண்களின் வெள்ளணுக்கள் இன்டர்லூகின்-1-க்கான மரபணுச் செய்தியைக் குறைவாகவே உருவாக்கின. மறுவருடம் அதே குழு, மறதி நோயாளிகளின் கணவன் மனைவியருக்கு ஃப்ளூ தடுப்பூசியும் சரியாக வேலை செய்யவில்லை என்று காட்டியது.

இதை வைத்துப் பெரியவர்களைப் பார்த்துக்கொள்வதே உடம்புக்குக் கெடுதல் என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. 1999-இல் ரிச்சர்ட் ஷுல்ஸ், ஸ்காட் பீச் இருவரும் வெளியிட்ட ஆய்வில், துணைவரைப் பார்த்துக்கொள்ளும் முதியவர்களில், அதைப் பாரமாக உணர்ந்தவர்கள் நான்கு வருடத்துக்குள் இறக்கும் அபாயம், அந்தப் பொறுப்பே இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகமாக இருந்தது. பார்த்துக்கொண்டும் அந்தப் பாரத்தை உணராதவர்களிடம் அப்படி ஓர் ஏற்றம் தெரியவில்லை. ஆக, விடாத பாரம்தான் ஆளைக் கொல்கிறது. பாரம் விடுகிற ஒரு நேரம் இருந்தால் என்ன ஆகும்?

ஆஸ்பத்திரி வார்டில் நம்மவர்கள் சொல்வார்களே, "மாத்திவிட ஆள் இல்லை" என்று, அந்த ஆளைத்தான் மேல்நாடுகளில் 'ரெஸ்பைட் கேர்' என்ற பெயரில் ஏற்பாடு செய்கிறார்கள். சில மணி நேரத்துக்கு ஒருவர் வீட்டுக்கு வருவார், அல்லது நோயாளி பகல்நேர மையத்துக்குப் போவார், அல்லது சில நாட்கள் ஒரு இல்லத்தில் தங்குவார். பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் ஸாரிட் பகல்நேர மையத்தை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். பராமரிப்புப் பாரத்தை அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் 22 கேள்விப் பட்டியல் அவர் பெயரில் உள்ளதுதான். ஆய்வில் இருந்த, நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் எட்டு நாள் தொடர்ந்து, நாளுக்குப் பல தடவை, தங்கள் உமிழ்நீரைச் சேகரித்து வைத்தார்கள். மாலையில் போனில் அன்றைய பொழுதைச் சொன்னார்கள். இதில் எனக்குப் பிடித்தது, ஒரே ஆளின் மையத்து நாளையும் வீட்டு நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. மையத்துக்கு அனுப்பிய நாட்களில் தொல்லைகள் குறைந்தன. அழுத்தத்தின் கெடுதலிலிருந்து உடலைக் காப்பதாகக் கருதப்படும் டிஹெச்ஈஏ-எஸ் என்ற ஹார்மோன் அதற்கு மறுநாள் கூடியிருந்தது.

சரி, அப்படியானால் எல்லோருக்கும் நாலு மணி நேரம் ஓய்வு கொடுத்துவிட்டால் போதுமா? இங்கேதான் சிக்கல். 2014-இல், மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு இந்தத் துறையின் சோதனைகளை அலசியபோது தேறியவை நான்கே, மொத்தம் 753 பேர். அவற்றில் ரெஸ்பைட்டால் பார்த்துக்கொள்கிறவர்களுக்குத் தெளிவான பலன் தென்படவில்லை. சோதனைகளின் தரமும் உறுதியாக எதையும் சொல்லும் அளவுக்கு இல்லை.

உள்ளே இருந்து பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. நோயாளியைக் குளிப்பாட்டி, உடுத்தி, மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்புவதே ஒரு வேலை. புது இடத்தில் குழம்பிப்போய்த் திரும்பி வருகிறவரைச் சமாளிப்பது அடுத்த வேலை. பெரும்பாலும் உடம்பு முழுக்க நொறுங்கிய பிறகுதான் உதவியே கேட்கிறார்கள், அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. அப்புறம் அந்தக் குற்ற உணர்ச்சி. டேல் லண்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர், கிடைத்த நேரத்தை இவர்கள் எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று விசாரித்தார். நிறையப் பேருக்கு அதில் திருப்தி இல்லை. செய்ய நினைத்தது ஒன்று, செய்தது பாக்கி கிடந்த வீட்டு வேலை. கிடைத்த நேரம் மனதுக்குப் பிடித்தபடி போனவர்களுக்கே பாரம் குறைவாக இருந்தது. எத்தனை மணி நேரம் என்பதோடு, அந்த மணி நேரம் யாருக்கானது என்பதும் முக்கியம் என்று இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

கூடவே பேச்சுத் துணையும் வேண்டும். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் மேரி மிட்டல்மன் 406 குடும்பங்களில் செய்த சோதனையில், பார்த்துக்கொள்ளும் கணவனையோ மனைவியையோ மட்டும் அல்லாமல் மற்ற குடும்பத்தாரையும் உட்கார வைத்துப் பேசினார்கள். யார் எதைப் பகிர்ந்துகொள்வது என்பதும் அந்தப் பேச்சில் வந்தது. தேவைப்பட்டபோது போனில் கேட்கலாம் என்ற வழியும் இருந்தது. இந்த உதவி கிடைத்த குடும்பங்களில், வழக்கமான உதவி மட்டும் கிடைத்தவர்களைவிட, நோயாளியை முதியோர் இல்லத்தில் சேர்க்கும் நாள் சராசரியாக 557 நாள் தள்ளிப்போனது. வீட்டில் வைத்துப் பார்க்கும் தெம்பு ஒன்றரை வருடம் கூடுதலாக நீடித்தது என்றும் இதைச் சொல்லலாம்.

நமக்கு நெருக்கமான ஆய்வு கோவாவில் நடந்தது. அமித் டயஸ் குழுவினர் 2008-இல் வெளியிட்டது, 81 குடும்பங்கள். உள்ளூர்ப் பேச்சு தெரிந்த சாதாரண ஆட்களுக்கு ஒரு வாரம் பயிற்சி. மனநல மருத்துவரும் ஆலோசகரும் அவர்களுக்குப் பின்னால் இருந்து வழிகாட்டினார்கள். குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒரு தடவை வீட்டுக்குப் போவார்கள். இது வயதின் கிறுக்குத்தனம் இல்லை, நோய் என்று புரியவைப்பார்கள். அடிக்க வரும்போது, சாப்பிட மறுக்கும்போது என்ன செய்வது என்று சொல்லிக்கொடுப்பார்கள். அரசு உதவிகளைப் பற்றிச் சொல்வார்கள். ஆறு மாதத்தில் பார்த்துக்கொள்கிறவர்களின் மனநலம் தெளிவாகத் தேறியது. இந்தியாவில் மறதி நோயோடு இருப்பவர்கள் ஏறத்தாழ 88 லட்சம் பேர் என்று 2023-இல் ஒரு தேசிய ஆய்வு கணக்கிட்டது. மருத்துவரும் மையமும் மட்டுமே போய்ச் சேரக்கூடிய எண்ணிக்கை இல்லை இது. கோவாவில் செய்த இந்த ஏற்பாடு ஒவ்வொரு ஊராட்சிக்கும் வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

எங்கள் வீட்டில் அத்தைதான் மாற்றிவிட்டார். தூத்துக்குடியிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் காலை பஸ்ஸில் வந்து, "மதினி, அம்மாவ நான் பாத்துக்கிடுதேன், நீங்க கெளம்புங்க" என்பார். முதல் வெள்ளிக்கிழமை அம்மா மாடியில் ஏறி வற்றல் பாயைத் தட்டி, பரண் ஒழித்தார். அடுத்த வாரமும் ஏதோ வேலை. மூன்றாவது வாரம் அத்தை அவர் கையிலிருந்த விளக்குமாற்றைப் பிடுங்கி வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். அம்மா பெரியம்மா வீட்டுக்குப் போய், ஒன்றும் பேசாமல், மதியம் முழுக்கத் தூங்கிவிட்டு வந்தார்.