ஃப்ரீ டு ஏர்: இலவசமா, விலையில்லாததா?

2019-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறை வந்தபோது, கேபிள் பணம் வாங்க வந்த பையனிடம் எதிர்வீட்டுப் பாட்டி துண்டுச்சீட்டை நீட்டினார். "நூறு இலவச சேனல்னு போட்டிருக்கே, அப்புறம் எதுக்குத் தம்பி நூத்தம்பத்து மூணு ரூபா?" "அது சேனலுக்கு இல்ல பாட்டி, கனெக்‌ஷனுக்கு." பாட்டி கடைசிவரை நம்பவில்லை. தப்பு அவர் மேல் இல்லை, 'ஃப்ரீ டு ஏர்' என்பதை 'இலவசம்' என்று தமிழாக்கிச் சீட்டை எழுதியவர் மேல்.

'ஃப்ரீ டு ஏர்' வான்வழி ஒளிபரப்பில் பிறந்த ஆங்கிலத் தொடர். ஆன்டெனா வைத்தவர் எவரும் சந்தா கட்டாமல் பார்க்கலாம் என்று பொருள். கேபிளுக்குள் வந்ததும் பொருள் சுருங்கியது: அந்தச் சேனலுக்காக ஒளிபரப்பு நிறுவனம் கேபிள்காரரிடம் காசு கேட்பதில்லை, அவ்வளவுதான். கம்பி இழுத்துக் கொண்டுவரும் கூலி தனி. அன்று அது 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு. 'இலவசம்' என்று எழுதினால் அந்தக் கூலியும் இல்லை என்றுதான் யாரும் படிப்பார்கள்.

தூய தமிழ் அன்பர்கள் சிலர் 'பூட்டில்லா அலைவரிசை' என்கிறார்கள். பூட்டுவது என்றால், பெட்டி இல்லாமல் படம் தெரியாதபடி சிக்னலை மறைப்பது. கேட்க அழகான சொல், ஒரு காலத்துக்குப் பொருந்தியதும்கூட. 2003 செப்டம்பரில் சென்னையில், கட்டணச் சேனல்களைப் பூட்டி அனுப்பும் காஸ் (CAS) முறை வந்தபோது கட்டணச் சேனலுக்குத்தான் செட்டாப் பெட்டி வேண்டும். மற்றவை கேபிள் வயரை நேராக டிவியில் செருகினாலே வந்தன. அதற்கும் மாதம் 72 ரூபாய் அடிப்படைக் கட்டணம், வரி தனி. ஆக, அன்றும் பூட்டில்லைதான், இலவசமில்லை. ஆனால் 2011-இல் கேபிள் சட்டம் திருத்தப்பட்டு டிஜிட்டல் முறை வந்த பிறகு எல்லாச் சேனலும் பூட்டப்பட்டே வர வேண்டும். இன்று பெட்டியைக் கழற்றினால் பொதிகையின் வாரிசான டிடி தமிழும் வராது. பூட்டிய ஒன்றைப் பூட்டில்லாதது என்று எப்படிச் சொல்வது? 'குறியாக்கமற்ற' என்பது இன்னும் மோசம். படத்தை எண்களாக மாற்றுவதும் குறியாக்கம்தான், அது இல்லாமல் டிஜிட்டலில் படமே கிடையாது. பூட்டுவது வேறு வேலை.

நான் எழுதுவது 'விலையில்லாச் சேனல்'. கட்டணச் சேனல் ஒவ்வொன்றுக்கும் மாத விலை அறிவிக்கப்படுகிறது. இதற்கு அந்த விலை இல்லை. 'விலைமதிப்பற்றது' என்று குழம்புவார்களே என்று ஒரு நண்பர் கேட்டார். விலையில்லா மிதிவண்டியும் மடிக்கணினியும் வாங்கிய பிள்ளைகள் வளர்ந்த ஊர் இது, யாரும் குழம்பமாட்டார்கள். சீட்டில் 'விலையில்லாச் சேனல் 100, இணைப்புக் கட்டணம் ரூ.130, வரி தனி' என்று ஒரே வரியில் அச்சடித்திருந்தால் பாட்டிக்குக் கேள்வியே வந்திருக்காது.