நைஸ்: மாவிலும் பேச்சிலும் ஒரு சொல்

உளுந்து அரைபடும்போது எங்கள் அம்மா கிரைண்டர் ஓரத்திலிருந்து ஒரு பொட்டு மாவை வழித்தெடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பார். நறநறவென்று ஏதாவது தட்டுப்பட்டால், “இன்னும் நைஸாகல, தண்ணி தெளிச்சு விடு” என்பார். அரிசிக்கு வேறு கணக்கு. அதையும் நைஸாக்கினால் இட்லி களியாகிவிடும் என்று ரவைப் பதத்திலேயே நிறுத்திவிடுவார். அம்மா ஆங்கிலம் படித்தவர் இல்லை. அவருக்கு நைஸ் என்பது அம்மி, உரல், கொரகொரப்பு போல வீட்டுச் சொல்.

இதே சொல்லை ஓர் ஆங்கிலேயரிடம் சொல்லிப் பாருங்கள். நைஸ் மாவு என்றால் நல்ல மாவு, பிடித்தமான மாவு என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். மாவு எவ்வளவு மசிந்திருக்கிறது என்பது அந்தச் சொல்லில் அவருக்குத் தெரியவே தெரியாது. நம்மிடம் இருக்கும் நைஸும் அவர்களிடம் இருக்கும் நைஸும் ஒரே எழுத்தொலிதான், ஆனால் பொருள் வேறு. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் ‘நைஸ் என்றால் தமிழில் என்ன?’ என்று கேட்டால் எந்த விடையும் பாதிதான் சரியாக இருக்கும்.

முதலில் அவர்கள் வீட்டுக் கதை. லத்தீனில் நெஸ்கியுஸ் என்றொரு சொல். ‘நெ’ என்றால் இல்லை, ‘ஸ்கிரே’ என்றால் அறிதல். இரண்டும் சேர்ந்து அறியாதவன். அறிவியலைக் குறிக்கும் சயின்ஸ் என்ற சொல்லும் இதே ஸ்கிரேயிலிருந்து வந்ததுதான். ஆக, சயின்ஸும் நைஸும் ஒரு வேர்ச் சொந்தங்கள். ஒன்று அறிவு, மற்றது அறியாமை. பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது நைஸ் என்றால் முட்டாள்தனமானது என்று பொருள். அன்று ஒருவரை நைஸ் என்று சொல்லியிருந்தால் அது வசவு.

அங்கிருந்து அது நகர்ந்த வழி வியப்பானது. அறியாதவர், கூச்சப்படுபவர், எதற்கும் முகம் சுளிப்பவர், எதையும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர் என்று படிப்படியாகப் போய், 16ஆம் நூற்றாண்டில் நுட்பமான, துல்லியமான என்ற இடத்துக்கு வந்துவிட்டது. இனிமையான, நல்ல என்ற இன்றைய பொருள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவியது. அது பரவிய வேகம் சிலருக்கு எரிச்சலையும் தந்தது. 1817 டிசம்பரில் வெளியான ஜேன் ஆஸ்டினின் ‘நார்த்தாங்கர் அபே’ நாவலில் ஹென்றி டில்னி என்ற பாத்திரம் கதாநாயகியை இதற்காகவே சீண்டுகிறது. நாளும் நைஸ், நடையும் நைஸ், நீங்கள் இருவரும் நைஸ். எல்லாவற்றுக்கும் ஆகிவரும் சொல்லாகிவிட்டதே, முன்பு இதற்கு நேர்த்தி, நாகரிகம், மென்மை என்றெல்லாம் பொருள் இருந்ததே என்பது அவன் குறை. 200 ஆண்டுக்கு முந்தைய அந்தக் குறை இன்று ஒரு படத்துக்குக் கீழே ‘நைஸ்’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போகும் நமக்கும் பொருந்தும்.

முட்டாள்தனம் எப்படி மென்மையாகும் என்று தோன்றலாம். தமிழ் படித்தவருக்கு அது அந்நியமாக இருக்காது. நம் ‘மடம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மடமை, மடையன் எல்லாம் அறியாமையைச் சொல்பவை. ஆனால் பழைய பாடல்களில் வரும் மடமான், மடப்பிடி, மடநடை? அங்கே யாரும் மானை முட்டாள் என்று திட்டவில்லை. இளமை, கள்ளமின்மை, மென்மை, அழகு எல்லாம் அந்த ஒரு ‘மட’வில் இருக்கின்றன. அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று பெண்ணுக்கு அதைக் குணமாகவே எழுதிவைத்தார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை, அது வேறு பேச்சு. ஆனால் அறியாமையிலிருந்து மென்மைக்குப் போகும் அதே பாதையில் இரண்டு மொழிகளும் தனித்தனியாக நடந்திருக்கின்றன.

இப்போது நம் நைஸுக்கு வருவோம். தச்சரிடம் போனால் உப்புத்தாளில் கொரகொரப்பானது முதலில், நைஸானது கடைசியில். ஜவுளிக் கடையில் நைஸ் துணி. ஓட்டலில் ‘நைஸா ஒரு தோசை’ என்றால் மெல்லிசாக ஊற்றியது. இவை எல்லாவற்றிலும் இருப்பது கைக்குத் தெரியும் மென்மை. ஆங்கிலத்தில் நைஸுக்கு முன்பிருந்த ‘மென்மையான, நுட்பமான’ என்ற பழைய பொருளுக்குத்தான் இது பக்கத்தில் நிற்கிறது. அவர்கள் ஏறக்குறைய கைவிட்டதை நம் அடுப்படி வைத்துக்கொண்டிருக்கிறது.

அது இங்கே இவ்வளவு இயல்பாக ஒட்டிக்கொண்டதற்கு நம் சொற்களும் இடம் கொடுத்திருக்கின்றன என்று நினைக்கிறேன். ‘நை’ நம்முடைய வினைச்சொல். நைந்த துணி, நைந்துருகிய மனம், நையப் புடைத்தல். ‘நைய அரைக்கவும்’ என்று எழுதினால் ஒரு சமையல்காரருக்கும் அகராதி தேவைப்படாது. நைய என்று சொல்லிப் பழகிய வாய்க்கு நைஸ் புதிதாகத் தோன்றியிருக்காது.

அடுத்தது பேச்சு. ‘மூதாட்டியிடம் நைசாகப் பேசி நகை பறிப்பு’ என்ற மாதிரிச் செய்தியை நாளிதழில் அடிக்கடி பார்க்கிறோம். ‘வேலை வந்ததும் நைஸா நழுவிட்டான்’, ‘என்னை நைஸ் பண்ணப் பார்க்காதே’ என்கிறோம். இந்தப் பொருள் ஆங்கிலத்தில் கிடையாது. குழைந்து பேசிக் காரியம் சாதிப்பது, ஓசைப்படாமல் விலகுவது இரண்டும் நாமே சேர்த்தவை. இங்கும் ஓர் ஒலித்துணை உண்டு: நைச்சியம். நீசன் என்ற வடசொல்லின் வழி வந்தது. தன்னைத் தாழ்த்திக்கொள்ளுதல் என்று பொருள். ஆழ்வார்கள் இறைவன் முன்னால் ‘நான் எளியவன், தகுதியற்றவன்’ என்று உருகுவதை வைணவ உரைகாரர்கள் நைச்சியானுசந்தானம் என்பார்கள். பெருமாளிடம் மனமுருகித் தாழ்ந்தது ஒரு காலம். ‘நைச்சியமாகப் பேசி ஏமாற்றினான்’ என்பது இன்றைய வழக்கு. நைச்சியமாக என்பதும் நைசாக என்பதும் இன்று ஒரே வாக்கியத்தில் இடம் மாற்றிப் போடக்கூடிய அளவுக்கு நெருங்கிவிட்டன. பிறப்பில் இரண்டுக்கும் உறவு கிடையாது.

அப்படியானால் தமிழில் என்ன சொல்வது? என் விடை நயம். ஒலி ஒத்துப்போவதால் நைஸே நயத்திலிருந்து போனது என்று சொல்ல வேண்டாம். அதன் லத்தீன் வேர் தெளிவானது. பொருள் ஒத்துப்போவதால்தான் நயத்தைச் சொல்கிறேன். மளிகைக் கடையில் ‘நயம் துவரம்பருப்பு’ என்றால் தரமானது. பள்ளித் தேர்வில் ‘நயம் பாராட்டுக’ என்றால் பாட்டின் நுட்பத்தையும் இனிமையையும் எடுத்துச் சொல்ல வேண்டும். ‘நயமாகச் சொல்லிப் பார்’ என்றால் பக்குவமாக. ‘நயத்திலும் பயத்திலும் சொல்லிப் பார்த்துவிட்டேன்’ என்று பிள்ளையைப் பற்றிப் பெற்றோர் சொல்வதில் இருப்பதும் அதுவே. நயவஞ்சகத்தில் இனிக்கப் பேசி ஏய்க்கும் பொருளும் வந்துவிடுகிறது. தரம், இனிமை, நுட்பம், பக்குவம், சூது என்று நைஸ் பல நூற்றாண்டில் சுற்றிவந்த இடங்களில் பெரும்பாலானவற்றில் நயமும் உட்கார்ந்திருக்கிறது. வேரில் மட்டும் நேர் எதிர்: நைஸ் பிறந்தது அறியாமையில், நயம் பிறந்தது விருப்பத்தில். நயத்தல் என்றால் விரும்புதல்.

ஒருவர் நைஸாக நடந்துகொள்கிறார் என்பதற்கு வள்ளுவர் போகும் தொலைவைப் பாருங்கள்: ‘பெயக்கண்டும் நஞ்சுண் டமைவர் நயத்தக்க / நாகரிகம் வேண்டு பவர்’ (580). பழகியவர் நஞ்சை ஊற்றுவதைக் கண்ணால் பார்த்தும் மறுக்காமல் உண்டு அமைவார்களாம். இந்தக் கனம் ஆங்கில நைஸுக்கு ஒரு நாளும் இருந்ததில்லை. யூனிக்ஸ், லினக்ஸ் என்ற இயங்குதளங்களில் ஓடும் கணினிகளில் மட்டும் அதன் சாயல் கொஞ்சம் தெரிகிறது. அங்கே ஒவ்வொரு வேலைக்கும் நைஸ் எண் ஒன்று உண்டு, -20 முதல் 19 வரை. எண் கூடக்கூட அந்த வேலை மற்றவற்றுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும். அதைத் தமிழாக்குபவர் இனிமை என்று போட்டால் தவறு. விட்டுக்கொடுக்கும் அளவு என்றால் பொருள் வந்துவிடும்.

எல்லா இடத்திலும் நயத்தைத் திணிக்கவும் கூடாது. ‘நயமாக அரைக்கவும்’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அங்கே நைய, மைய. அரிசிக்கும் தூளுக்கும் சன்னம், துணிக்கு மிருது, தோசைக்கு மெல்லிசு. நூலிழை வேறுபாட்டை ஆங்கிலத்தில் நைஸ் என்று குறித்திருந்தால் நுட்பமான வேறுபாடு. நைஸ் மனிதர் என்றால் தங்கமான மனுஷர். மொழிபெயர்ப்பில் அதிகம் சறுக்கும் இடம் ‘நைஸ் அண்ட் வார்ம்’. ‘நன்றாகவும் வெதுவெதுப்பாகவும்’ என்று எழுதியதை நானே திருத்தியிருக்கிறேன். இதமான சூடு, அவ்வளவுதான். சந்தித்ததும் ‘நைஸ் டு மீட் யூ’ என்பதற்கு வாசலில் நின்று சொல்லும் ‘வாங்க, வாங்க’வை மிஞ்சிய ஒன்றை நான் கேட்டதில்லை.

ஒரு சிறு எச்சரிக்கை. வணிகச் சின்னம் பதியும்போது ‘நைஸ் வகைப்பாடு’ என்று சிலர் எழுதுகிறார்கள். ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒன்றுதான், ஆனால் அது நீஸ். பிரான்சின் தென்கரை நகரான நீஸில் 1957இல் கையெழுத்தான உடன்படிக்கையின் பெயர் அது. பொருளும் சேவையுமாக 45 வகுப்புகள் அதில் உள்ளன. இட்லிப்பொடிக்குப் பெயர் பதிய விண்ணப்பித்தால் 30ஆம் வகுப்பைப் பார்க்க வேண்டியிருக்கும். பொடி எவ்வளவு நைஸாக இருக்கிறது என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.