வினைல், இசைத்தட்டு, முதற்பதிப்பு: பிளாக் மெட்டல் சேகரிப்பவர்களுக்கு ஒரு சொல் விளக்கம்

"வினைல் வந்தாச்சா?", "ஒரிஜினல் பிரஸ்ஸா, ரீபிரஸ்ஸா?", "பூட்லெக் மாதிரி இருக்கே?" ஹெவி மெட்டலின் கரடுமுரடான கிளையான பிளாக் மெட்டல் இசையைக் கேட்கிறவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு சீக்கிரமே இந்த இடத்துக்கு வந்துவிடும். இதில் வருகிற ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழில் சொல் இருக்கிறது. புதிதாக உருவாக்க வேண்டிய வேலைகூட இல்லை, ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதுதான்.

முதலில் வினைல். இது ஒரு பொருளின் பெயரே இல்லை, அந்தப் பொருள் செய்யப்பட்ட மூலப்பொருளின் பெயர். பாலிவினைல் குளோரைடு, அதாவது வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பிவிசி பைப்பும் நார்வேயின் பிளாக் மெட்டல் குழுவான மேஹெமின் இசைத்தட்டும் ஒரே குடும்பத்துப் பிளாஸ்டிக். சொல்லின் வேரைத் தோண்டினால் லத்தீனில் 'வீனும்' என்ற சொல் வருகிறது, திராட்சை மது என்று பொருள். அதனோடு 'ஹூலே' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த 'இல்' என்ற ஒட்டு சேர்ந்தது. ஹூலே என்றால் மரம், அப்புறம் பொதுவாக மூலப்பொருள். 19ஆம் நூற்றாண்டு வேதியியலாளர்கள் வினைல் என்ற அணுக்கூட்டத்துக்கும் மதுவில் இருக்கும் சாராயத்துக்கும் இருந்த உறவைப் பார்த்து இந்தப் பெயரை வைத்தார்கள்.

இந்தப் பிளாஸ்டிக் இசைக்கு வந்தது பிறகுதான். 1948 ஜூனில் கொலம்பியா நிறுவனம் 12 அங்குல அகலத்தில், நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் எல்பி (லாங் பிளே) தட்டை அறிமுகப்படுத்தியது, அடுத்த ஆண்டே ஆர்சிஏ விக்டர் 45 சுற்று ஓடும் 7 அங்குலத் தட்டைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு இருந்த 78 சுற்றுத் தட்டுகள் பெரும்பாலும் ஷெல்லாக்கில் செய்யப்பட்டவை. ஷெல்லாக் என்பது நம் அரக்குதான், மகாபாரதத்தில் பாண்டவர்களை எரிக்கக் கட்டிய மாளிகைக்குப் பயன்பட்ட அதே அரக்கு, மரத்தில் வாழும் சின்னப் பூச்சி சுரக்கும் பிசின். உலகத்துக்கு அரக்கு அதிகமாகப் போனது இந்தியாவிலிருந்து. ஆக, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஓடிய பழைய தட்டுகளுக்குள் இந்திய மரங்களில் வாழ்ந்த பூச்சிகளின் பிசின் இருந்தது என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? இசைத்தட்டு. வேறு எதுவும் தேட வேண்டாம். கிராமபோன் காலத்திலிருந்து வானொலியிலும் பத்திரிகையிலும் புழங்கிய சொல் இது. பேச்சில் ரெக்கார்டு, பிளேட் என்றும் சொன்னோம், 'ரெக்கார்டு டான்ஸ்' என்ற பெயரில் அந்த ரெக்கார்டு இன்றும் திருவிழா மேடைகளில் உயிரோடு இருக்கிறது. இசைத்தட்டு என்ற சொல்லின் நல்ல குணம், அது அரக்கா வினைலா என்று கேட்பதில்லை. உருவத்தையும் வேலையையும் மட்டும் சொல்கிறது, அதனால் மூலப்பொருள் மாறியபோதும் சொல் அப்படியே நின்றது. என் கருத்து இதுதான்: பிளாஸ்டிக்கைப் பற்றிப் பேசும்போது வினைல் என்று எழுதுங்கள், கையில் எடுத்து ஊசி வைக்கும் பொருளைப் பற்றிப் பேசும்போது இசைத்தட்டு என்று எழுதுங்கள். எல்பி என்பது எல்லோருக்கும் புரிகிற சொல், அது இருக்கட்டும்.

அடுத்தது பிளாக் மெட்டல். இதை மொழிபெயர்க்கலாமா என்பதில் எனக்கு உறுதியான எண்ணம் உண்டு, அதற்கு முன் பிறப்பைப் பார்ப்போம். இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்து வெனம் குழு 1982இல் நீட் ரெக்கார்ட்ஸ் வழியாக வெளியிட்ட இரண்டாவது ஆல்பத்தின் தலைப்பு 'பிளாக் மெட்டல்'. அவ்வளவுதான் பிறப்பு. அந்த ஆல்பத்தில் இருக்கும் இசை இன்று நாம் பிளாக் மெட்டல் என்று கேட்கும் இசை போல் பெரிதாக இருக்காது, வேகமான, அழுக்கான ஹெவி மெட்டல் அது. பெயர் வெனம் கொடுத்தது. ஒலியைப் பிறகு ஸ்வீடனின் பாத்தரி, சுவிட்சர்லாந்தின் ஹெல்ஹாமர் போன்ற குழுக்கள் கட்டின, 1990களின் தொடக்கத்தில் நார்வேக்காரர்கள் அதற்கு இன்றைய முகத்தைக் கொடுத்தார்கள்: நிற்காமல் ஒரே தந்தியில் நடுங்கும் கிதார், இடைவிடாத வேக டிரம், கீச்சிட்ட அலறல் குரல், வேண்டுமென்றே கரடுமுரடாக விட்ட பதிவு.

'பிளாக்' என்பதில் ஒரு தெளிவு தேவை. இது கறுப்பின மக்களின் இசை என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அப்படி இல்லை. சாத்தான், இருள், மாந்திரீகம் என்ற பொருளில் வந்த கறுப்பு இது. அதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இந்த இசைக்குள் இனவெறியை வெளிப்படையாகப் பேசும் ஒரு பிரிவும் இருக்கிறது. பர்சம் என்ற பெயரில் தனியாக இசையமைத்த வார்க் விகர்னெஸ் கொலைக்கும் தேவாலயங்களை எரித்ததற்கும் 1994இல் தண்டிக்கப்பட்டவர், அவருடைய இனவாத எழுத்துகளும் தெரிந்தவையே. எந்தத் தட்டுக்குக் காசு கொடுக்கிறோம், அது யாருக்குப் போகிறது என்று பார்த்து வாங்குங்கள். இசைதானே என்று இதை ஒதுக்கிவிட்டுப் போக என்னால் முடியாது.

இப்போது தமிழ். 'கறுப்பு உலோகம்' என்று எழுதினால் இரும்புக்கடை விளம்பரம் மாதிரி இருக்கிறது. ஆனால் பழந்தமிழில் நேரான சொல் ஒன்று உண்டு: கரும்பொன். பொன் என்றால் தங்கம் மட்டும் இல்லை, பொதுவாக உலோகம் என்றும் பொருள், ஐம்பொன் சிலை என்கிறோமே, அந்தப் பொன். வெண்பொன் வெள்ளி, கரும்பொன் இரும்பு. எழுத்துக்கு எழுத்து 'பிளாக் மெட்டல்' என்று நிற்கும் இந்தச் சொல்லை முதன்முதலில் அகராதியில் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சிக்கு அளவில்லை. இருந்தாலும் இசை வகைக்கு இதைப் பெயராக வைக்க நான் சொல்ல மாட்டேன். பிளாக் மெட்டல் என்பது ஒரு ஆல்பத்தின் தலைப்பிலிருந்து பிறந்த பெயர், அதை விளக்கச் சொல்லாகக் கருதி மாற்றினால் வெனம் வரை போகும் அந்த நூல் அறுந்துவிடும். சிங்கப்பூரில் 1992இல் தொடங்கிய ருத்ரா குழு தங்கள் இசைக்கு 'வேதிக் மெட்டல்' என்று தாங்களே பெயர் வைத்துக்கொண்டது. அப்படித் தமிழில் பாடும் ஒரு குழு வந்து தன் இசையைக் கரும்பொன் என்று அழைத்துக்கொள்ளுமானால் அன்றைக்கு அந்தச் சொல் தானாக வாழும்.

ஆல்பம் என்ற சொல்லையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். லத்தீனில் 'ஆல்புஸ்' என்றால் வெள்ளை. ரோமானியர்கள் பொது அறிவிப்புகளை எழுதி வைத்த வெள்ளைப் பலகை ஆல்பம். பிறகு அது வெற்றுப் பக்கங்கள் கொண்ட புத்தகத்துக்குப் பெயரானது, நம் கல்யாண ஆல்பம் அந்த வழியில் வந்தது. 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம்தான் ஓடும், அதனால் நீளமான இசையைப் பல தட்டுகளில் பதிந்து, உறைகளைப் புத்தகம் போலத் தைத்து விற்றார்கள். அந்தப் புத்தகம்தான் இசை ஆல்பம். எல்பி வந்து எல்லாம் ஒரே தட்டில் அடங்கிய பிறகும் பெயர் போகவில்லை. தமிழில் இசைத்தொகுப்பு என்பது சரியான சொல், ஆல்பம் என்று எழுதினாலும் குறையில்லை.

இனி சேகரிப்பவர்களுக்கு உயிரான சொல்லுக்கு வருவோம்: பிரஸ். இதற்கு 'அழுத்தம்' என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன், ரத்த அழுத்தம்தான் நினைவுக்கு வருகிறது. சரியான சொல் பதிப்பு. அது எப்படிப் பொருந்துகிறது என்று தெரிய, தட்டு எப்படி உருவாகிறது என்று தெரிய வேண்டும். அலுமினியத் தகட்டின் மேல் அரக்குப் பூச்சு போன்ற ஒரு மெல்லிய படலம் பூசி (இன்று அது நைட்ரோசெல்லுலோஸ், ஆனாலும் 'லாக்கர்' என்ற அதன் ஆங்கிலப் பெயரில் அரக்கு இன்னும் ஒளிந்திருக்கிறது), அதில் வெட்டும் ஊசி ஒன்று இசையைச் சுருளான பள்ளமாக வெட்டும். அதன் மேல் வெள்ளி பூசி, நிக்கல் முலாம் ஏற்றி உரித்தால் பள்ளமெல்லாம் மேடாக நிற்கும் தகடு கிடைக்கும். அதிலிருந்து இன்னும் இரண்டு படி தாண்டி அச்சுத் தகடு தயாராகும். சூடாக்கிய வினைல் உருண்டையை மேலும் கீழும் இரண்டு அச்சுத் தகடுகளுக்கு நடுவில் வைத்து, நடுவில் ஒட்டும் காகித லேபிளோடு சேர்த்து அமுக்கினால் தட்டு தயார். இது அச்சடிப்பதே. எழுத்துக்குப் பதில் ஒலி.

அதனால்தான் புத்தக உலகத்துச் சொற்கள் அப்படியே வந்து உட்காருகின்றன. ஒரிஜினல் பிரஸ் என்பது முதற்பதிப்பு. ரீபிரஸ், ரீஇஷ்யூ இரண்டுக்கும் மறுபதிப்பு. நிறுவனம் புதிதாக ஒலியைச் சீரமைத்து, புது லாக்கர் வெட்டி வெளியிட்டால் திருத்திய பதிப்பு. பூட்லெக் என்றால் கள்ளப்பதிப்பு. லேபிள் என்கிற நிறுவனம் பதிப்பகம். பழைய புத்தகம் தேடி அலைந்த எந்தத் தமிழனுக்கும் இதில் ஒன்றைக்கூட விளக்க வேண்டியதில்லை.

முதற்பதிப்பு என்பதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதற்குப் பாத்தரியின் முதல் ஆல்பமே சான்று. 1984இல் ஸ்டாக்ஹோமில் கராஜ் ஒன்றை மாற்றியமைத்த சின்ன ஸ்டூடியோவில் அந்தக் குழுவின் தலைவர் குவோர்தன் பதிவு செய்தது. அட்டையில் இருக்கும் ஆட்டுத் தலையைத் தங்க நிறத்தில் அச்சிட அவருக்கு ஆசை, அது செலவு அதிகம் என்பதால் அதற்கு நெருக்கமான நிறம் கேட்டார், வந்ததோ மஞ்சள். 1000 பிரதிகள் அப்படியே வெளியாகின. அடுத்த பதிப்பிலிருந்து ஆடு வெள்ளை. இன்று 'மஞ்சள் ஆடு' என்றாலே சேகரிப்பவர்களுக்கு எந்தத் தட்டு என்று தெரியும், விலையும் தெரியும். மேஹெம் குழுவின் 'டெத்கிரஷ்' கதையும் கிட்டத்தட்ட இதுதான், 1987இல் 1000 பிரதிகள், சிவப்பாக இருக்க வேண்டிய அட்டை இளஞ்சிவப்பாக அச்சாகி வந்தது, 1993இல் மறுபதிப்பு. அச்சுப் பிழையே அடையாளமாகி விலையை ஏற்றுவது புத்தகச் சேகரிப்பிலும் உண்டு.

அட்டையை மட்டும் நம்பிப் பதிப்பை முடிவு செய்யக் கூடாது, அட்டை மாற்றுவது எளிது. இசை முடிந்து லேபிளுக்கு முன்னால் ஒரு மொட்டையான வளையம் இருக்கும், அதில் கையால் கீறியோ முத்திரை குத்தியோ எண்கள் இருக்கும். லாக்கர் வெட்டும்போதும் தகடு செய்யும்போதும் இட்ட குறிகள் அவை. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படித்து, தெரிந்த முதற்பதிப்பின் எண்ணோடு ஒப்பிடுங்கள். இதை நூலின் பதிப்பு விவரப் பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் இங்கே கிழித்துவிட முடியாத பக்கம்.

கள்ளப்பதிப்பில் பேர்போனது 'டான் ஆஃப் தி பிளாக் ஹார்ட்ஸ்'. 1990 பிப்ரவரியில் நார்வேயின் சார்ப்ஸ்போர்கில் மேஹெம் நடத்திய கச்சேரியின் பதிவு, 1995இல் தென்னமெரிக்காவின் கொலம்பியா நாட்டிலிருந்து தட்டாக வெளிவந்தது. அதன் அட்டையில் இருப்பது அந்தக் குழுவின் பாடகர் இறந்து கிடந்தபோது எடுத்த புகைப்படம். எவ்வளவு அரிதாக இருந்தாலும் அதை நான் வாங்க மாட்டேன், ஒரு மனிதனின் சாவை அலமாரியில் வைத்து அழகு பார்க்க முடியாது.

அண்டர்கிரவுண்ட் என்பதுதான் சிக்கலான சொல். 'நிலத்தடி' என்றால் நீர், 'தலைமறைவு' என்றால் போலீஸ் தேடுகிறது. இந்தச் சொல் சொல்ல வருவது பெரிய நிறுவனங்களையும் பெரிய சந்தையையும் சாராமல், தெரிந்தவர்களுக்குள் கைமாறும் இசை என்பதை. தமிழில் இதற்கு இணையான வாழ்க்கையே நம்மிடம் இருந்திருக்கிறது: சிற்றிதழ். சில நூறு பிரதி, சொந்தக் காசு, அஞ்சலில் அனுப்பி அஞ்சலில் சண்டை போட்டு வளர்ந்த உலகம். 1980களில் பிளாக் மெட்டலும் அப்படித்தான் கேசட்டைப் பிரதி எடுத்து, கடிதத்தோடு நாடு விட்டு நாடு அனுப்பி, கையால் தட்டச்சு செய்த இதழ்களில் பேட்டி போட்டு வளர்ந்தது. மேஹெமின் ஐஸ்டீன் ஆர்செத் 1991இல் ஓஸ்லோவில் 'ஹெல்வெட்டே' என்ற இசைத்தட்டுக் கடையைத் திறந்தார், நார்வேஜிய மொழியில் நரகம் என்று அர்த்தம். அவருடைய சின்னப் பதிப்பகமான டெத்லைக் சைலன்ஸ், ஜப்பானின் சை குழுவின் முதல் ஆல்பம் வரைக்கும் வெளியிட்டது. 1993இல் அவர் கொல்லப்பட்டார். பிரான்ஸின் பிரெஸ்ட் பகுதியில் இயங்கிய லே லெஜியோன் நுவார் கூட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், சில பதிவுகளைக் கைவிரல் விட்டு எண்ணும் அளவு கேசட்டுகளில் நண்பர்களுக்கு மட்டும் கொடுத்தது. அவற்றில் பல, தட்டாக வந்தது கள்ளப்பதிப்பாகத்தான். இந்த இசையைச் 'சிறுபதிப்பு இசை' என்று நான் எழுதுகிறேன், எண்ணிக்கையும் தெரிகிறது, மனநிலையும் தெரிகிறது. இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் மாற்றிக்கொள்ளத் தயார்.

டை ஹார்ட் எடிஷன் என்று மெட்டல் பதிப்பகங்கள் விற்பது சிறப்புப் பதிப்பு, வண்ணத் தட்டு, துணிச் சின்னம், போஸ்டர் எல்லாம் சேர்த்து. பிவிசிக்குச் சொந்தமாகக் கறுப்பு நிறம் கிடையாது, கரித்தூள் சேர்ப்பதால்தான் தட்டு கறுப்பாகிறது, வேறு சாயம் சேர்த்தால் வேறு நிறம். ஒலி விஷயத்தில் நிறத்தைவிட நீளத்தைக் கவனியுங்கள். ஒரு பக்கத்தில் 22 நிமிடத்துக்கு மேல் திணித்தால் பள்ளம் நெருக்கமாகி ஒலி மெலியும். உள்வட்டத்துக்குப் போகப்போக ஊசிக்கு அடியில் பள்ளம் நகரும் வேகம் குறைவதால், கீச்சென்ற கிதார் நிறைந்த இந்த இசை அங்கே சீக்கிரம் சிதறும்.

கடைசியாக டெஸ்ட் பிரஸ். மொத்தமாக அச்சடிக்கும் முன், பிழை இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க ஆலை அனுப்பும் சில தட்டுகள், பெரும்பாலும் வெறும் வெள்ளை லேபிளோடு வரும். இதற்கும் அச்சகத்தில் சொல் தயாராக இருக்கிறது: மெய்ப்புப் படி.