பெரிய வீட்டு ஆச்சிக்கும் இலவச வக்கீல் உண்டு

மஞ்சப்பையிலிருந்து ஆச்சி எடுத்து மேசையில் வைத்தவை மூன்றே பொருள்கள்: ஒரு விசிட்டிங் கார்டு, பாதி எழுத்து அழிந்துபோன ஜெராக்ஸ் பத்திரம், ரப்பர் பேண்டு போட்ட துண்டுச் சீட்டுக் கட்டு. சீட்டுகளில் தேதியும் தொகையும் மட்டும் பென்சிலில் இருந்தன.

"ஒன்றரை வருஷமா கேஸ் நடக்குது தம்பி. வாய்தா, வாய்தான்னே சொல்றாக. எப்ப முடியும்னு நீங்க கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

வழக்கு எண் கேட்டேன். தெரியவில்லை. எந்தக் கோர்ட்? காரைக்குடி என்றார், பிறகு தேவகோட்டையாகவும் இருக்கலாம் என்றார். வக்கீலை நேரில் பார்த்ததே இல்லையாம். நடுவில் ஒருவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார். எப்போதும் டீக்கடைப் பக்கம் நிற்பவர். அவர் கையில்தான் பணம் போகும்.

இ-கோர்ட்ஸ் செயலியில் ஆச்சியின் பெயரைப் போட்டேன், எதிர்த்தரப்பின் பெயரைப் போட்டேன், சுற்றுவட்டார நீதிமன்றங்கள் எல்லாவற்றிலும் தேடினேன். ஒன்றும் வரவில்லை. நீதிமன்றத்திலும் விசாரித்தோம். வழக்கு தாக்கலே ஆகியிருக்கவில்லை. இல்லாத வழக்குக்கு வாய்தாவுக்கு 1,000 ரூபாய் வீதம் ஒன்றரை வருடமாகக் கொடுத்து வந்திருக்கிறார்.

இந்தச் செட்டிநாட்டுப் பக்கத்தில் வக்கீல் தொழில் செய்யும் எங்களுக்கு இது புதுக் கதை இல்லை. நம்மூரில் டாக்டரைத் தேடும்போது நாலு பேரிடம் விசாரிக்கிறோம். வக்கீலைத் தேடும்போது மட்டும் யாருக்கும் தெரியக்கூடாது என்று நினைக்கிறோம். பங்காளிச் சண்டை வெளியே தெரிந்தால் கௌரவக் குறைச்சல். அந்த ரகசியத்தில்தான் தரகர் பிழைக்கிறார். வழக்கறிஞர்கள் சட்டத்தில் 2023-ல் கொண்டுவந்த திருத்தப்படி, இப்படி ஆள் பிடிப்பவர்களின் பட்டியலை நீதிமன்றமே வெளியிடலாம். பட்டியலில் பெயர் இருந்தும் அதே வேலையைச் செய்தால் 3 மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஐநூறு ரூபாய்! ஆச்சியின் அரை வாய்தா.

பிரச்சினை இதுதான். வீடு நாலு புள்ளிக்கு, அதாவது நாலு பங்காளிக் குடும்பத்துக்குப் பொது. முகப்பும் வளவும் (முற்றத்தைச் சுற்றி அறைகள் உள்ள பகுதி) பார்த்தால் அரண்மனை. ஆச்சியின் கணவர் காலமாகிவிட்டார், பிள்ளை இல்லை. வளவில் இரண்டு அறை அவர் புழக்கத்தில். கொழுந்தன் குடும்பம் மலேசியாவில். அவர்கள் இங்கே ஒருவருக்குப் பவர், அதாவது தங்கள் சார்பில் செயல்படும் அதிகாரப் பத்திரம், எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பவர்தாரர் மற்ற பங்காளிகளைக் கேட்காமலே வளவுக்கு அடுத்த இரண்டாம் கட்டின் தேக்குக் கதவுகளைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். இரண்டு ஜோடி ஏற்கெனவே லாரி ஏறிவிட்டது. தூண்களுக்கும் விலை பேசுகிறார்களாம்.

உடனே தடை உத்தரவு வாங்க வேண்டிய கேஸ். ஒன்றரை வருடம் போய்விட்டது.

"சட்டப் பணிகள் குழுவுக்கு மனு கொடுங்க ஆச்சி, இலவசமாவே வக்கீல் போட்டுத் தருவாங்க" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. "இலவசமா? அது இல்லாதப்பட்டவகளுக்குத்தானே தம்பி. எங்க வீட்டு வாசலைப் பாத்துட்டு யாரு கொடுப்பா? ஊருதான் என்ன பேசும்?"

இந்த ஒரு எண்ணத்தை உடைக்கத்தான் இதை எழுதுகிறேன். 1987-ஆம் வருடத்துச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 12-ஆம் பிரிவு யார் யாருக்கு இலவச சட்ட உதவி என்று சொல்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள், ஆள்கடத்தலுக்கு ஆளானவர்கள் வருகிறார்கள். பெண்களும் குழந்தைகளும் வருகிறார்கள். பெண் என்றால் பெண்தான். வருமானச் சான்று தேவையில்லை, வீட்டின் அளவும் கணக்கில் வராது. வருமான வரம்பு பார்ப்பது இந்த வகைகளில் சேராதவர்களுக்குத்தான். அதை மாநில அரசு நிர்ணயிக்கிறது. உச்ச நீதிமன்ற வழக்கு என்றால் ஆண்டுக்கு 5 லட்சம். 1976-ல் அரசியல் சட்டத்தில் சேர்ந்த 39-ஏ பிரிவு இதை அரசின் கடமை என்கிறது. யார் தயவும் இதில் இல்லை. வீட்டு வேலைக்குப் போகும் அக்காவுக்கும், ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் பெண்ணுக்கும், வளவு வீட்டு ஆச்சிக்கும் ஒரே சன்னல்தான்.

சிவகங்கை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட ஆணையம் இருக்கிறது. வட்ட அளவில் நீதிமன்றங்களிலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது. ஆதார் நகலும், நடந்ததை எழுதிய ஒரு பக்கமும், கையில் உள்ள காகிதங்களின் ஜெராக்ஸும் போதும். எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொல்லுங்கள், அங்கேயே எழுதிக்கொள்வார்கள். வக்கீல் பீஸோடு முடிவதில்லை. நீதிமன்றக் கட்டணம், டைப்பிங், நகல் செலவு எல்லாம் அதில் அடங்கும். போக முடியாதவர்கள் 15100-க்குப் போன் போடலாம். மதுரையில் மேல்முறையீடு என்றால் உயர் நீதிமன்றக் கிளையிலேயே தனியாக ஒரு குழு உண்டு.

இலவச வக்கீல் ஏனோதானோ என்று நடத்துவார் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். குழு கொடுக்கும் பீஸ் குறைவு, அதனால் அக்கறை குறைந்தவர்களும் இருக்கிறார்கள். லட்சக்கணக்கில் பீஸ் வாங்கிக்கொண்டு வாய்தாவுக்கு ஜூனியரை அனுப்புகிறவர்களையும் தினமும் பார்க்கிறேன். வித்தியாசம் ஒன்று: குழு நியமித்த வக்கீல் சரியில்லை என்றால் குழுவுக்கு எழுதிக் கொடுத்து வேறு ஒருவரைக் கேட்கலாம். அவர் உங்களிடம் தனியாகப் பணம் கேட்டால் அது தவறு, அதையும் எழுதிக் கொடுக்கலாம். ஆச்சிக்குக் கிடைத்தது ஒரு இளம் பெண் வக்கீல். வக்காலத்தில் கையெழுத்துப் போடப் போன அன்று ஆச்சி ஒரு டின் நிறைய சீப்புச்சீடை கொண்டுபோய், "பணம்தானே வாங்கக்கூடாது?" என்று கேட்டாராம். குமாஸ்தாக்கள் உட்பட அத்தனை பேரும் சாப்பிட்டதாகக் கேள்வி.

காசு கொடுத்து வக்கீல் வைப்பவர்களுக்கு வருகிறேன். பெரிய வக்கீல் யார் என்று என்னிடம் கேட்பார்கள். உங்களுக்கு ஒரு காலை நேரம் இருந்தால், உங்கள் கேஸ் எந்தக் கோர்ட்டில் வரப்போகிறதோ அந்தக் கோர்ட் ஹாலில் போய் உட்காருங்கள். யாரும் தடுக்க மாட்டார்கள், நீதிமன்றம் பொது இடம். கேஸ் கட்டைப் படித்துவிட்டு வந்து பேசுகிறவர் யார், அவகாசம் மட்டுமே கேட்கிறவர் யார் என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

எந்தக் கோர்ட் என்பதில் நம் பக்கத்தில் ஒரு சிக்கல் உண்டு. செட்டிநாடு என்று ஒரே மூச்சில் சொல்கிறோம். ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டங்களிலும் கிடக்கின்றன. சொத்து எங்கே இருக்கிறதோ அங்கேதான் சொத்து வழக்கு. கோனாபட்டிலோ ராயவரத்திலோ வீட்டை வைத்துக்கொண்டு, தங்கியிருப்பது காரைக்குடி என்பதற்காகக் காரைக்குடி வக்கீலை அமர்த்தினால், அவர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் புதுக்கோட்டைப் பக்கம் ஓட வேண்டும். அந்த ஓட்டமும் உங்கள் கணக்கில்தான்.

பீஸ் பேசும்போது வெட்கப்படாதீர்கள். மொத்தம் எவ்வளவு, எந்தக் கட்டத்தில் எவ்வளவு, குமாஸ்தா செலவு தனியா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கொடுக்கும் ஒவ்வொரு முறையும் ரசீது, முடிந்தால் வங்கி வழியாக. "வர்ற பங்குல பத்துப் பர்சன்ட் கொடுத்தாப் போதும்" என்று இனிக்க இனிக்கச் சொல்பவரிடம் எழுந்து வந்துவிடுங்கள். கேஸ் முடிவை வைத்துப் பீஸ் பேசுவதையும், கிடைக்கும் சொத்தில் பங்கு கேட்பதையும் வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதிகள் தடை செய்கின்றன. ஜெயித்துத் தருகிறேன் என்று சத்தியம் செய்பவரும் அதே வகை.

இன்னொரு பூச்சாண்டி நீதிமன்றக் கட்டணம். "வீடு ரெண்டு கோடி போகும், மூணு பர்சன்ட் கட்டணும், ஆறு லட்சம் ரெடி பண்ணுங்க" என்று ஆச்சியிடமும் சொல்லியிருக்கிறார்கள். பொதுவாக மதிப்பின் மேல் 3 சதவீதம் என்பது உண்மை. 2017-க்கு முன் அது 7.5 சதவீதமாக இருந்தது. ஆனால் பாகப் பிரிவினையில், நீங்களும் அந்தச் சொத்தைக் கூட்டாக அனுபவித்து வருகிறீர்கள் என்றால் சட்டம் நிர்ணயித்த ஒரு சிறு தொகைதான். உங்களை முழுதாக வெளியே தள்ளிவிட்டார்கள் என்றால்தான் உங்கள் பங்கின் மதிப்பைப் பார்த்துக் கட்ட வேண்டும். இதனால்தான் அந்த இரண்டு அறைகளைப் பூட்டிவிட்டு தங்கை வீட்டோடு போய்விடாதீர்கள் என்று சொல்கிறோம்.

பெட்டகத்திலிருந்து மூலப்பத்திரத்தை எடுத்து முதல் நாளே யாரிடமும் கொடுக்க வேண்டாம். ஜெராக்ஸ் போதும். அசலைத் தாக்கல் செய்யும் நாளில் என்னென்ன கொடுத்தீர்கள் என்று ஒரு பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து, எந்த வக்கீல் கேட்டாலும் கிடையாது. வக்கீலை மாற்ற நினைத்தால் பீஸ் பாக்கியைக் காரணம் காட்டி உங்கள் கேஸ் கட்டைப் பிடித்து வைக்கும் உரிமை அவருக்கு இல்லை. 2000-லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்ன விஷயம். பாக்கி இருந்தால் அவர் தனியாக வசூலித்துக்கொள்ளட்டும். தொழில் ஒழுங்கு மீறல் என்றால் பார் கவுன்சிலுக்குப் புகார் கொடுக்கலாம். நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வக்கீல் சேவை அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வக்கீலாக இருந்துகொண்டு இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

மலேசியா, சிங்கப்பூரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கிருந்து அனுப்பும் பவர் இந்தியத் தூதரகத்திலோ நோட்டரியிடமோ முறைப்படி கையெழுத்தாகி வர வேண்டும். இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும். எதற்குப் பவர் என்பதை வரி வரியாக எழுதுங்கள். "வீட்டைப் பார்த்துக்கொள்ள" என்று நீங்கள் நினைத்துக்கொண்டு எழுதியது, இங்கே கதவைக் கழற்றும் அதிகாரமாகிவிடுகிறது.

மக்கள் நீதிமன்றம் நல்ல வழி. கட்டணம் கிடையாது, முன்பு கட்டியிருந்தாலும் திரும்பக் கிடைக்கும், பங்காளிகள் முகம் பார்த்துப் பேசி முடித்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அங்கே கையெழுத்தானால் அது தீர்ப்பு, அப்பீல் இல்லை. சமரசத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு ராத்திரி வைத்திருந்து படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஆச்சியின் வழக்கு இப்போது தாக்கலாகி எண் பெற்றுவிட்டது. இடைக்காலத் தடை கிடைத்தது. கோர்ட் கமிஷனர் நேரில் வந்து மிச்சமுள்ள தூண், கதவு, நிலை அத்தனையும் எண்ணி, போட்டோ எடுத்து அறிக்கை கொடுத்திருக்கிறார். போன இரண்டு ஜோடிக் கதவு திரும்பி வரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. பவர்தாரர் வக்கீல் வைத்திருக்கிறார். பதிலுரைக்கு அவகாசம் கேட்டிருக்கிறார். ஆச்சியின் மஞ்சப்பையில் இப்போது வழக்கு எண்ணும் அடுத்த வாய்தா தேதியும் எழுதிய ஒரே ஒரு சீட்டு இருக்கிறது. பேனாவில் எழுதியது.