லீஸ்: குத்தகையா, ஒற்றியா?

வேலூரில் சத்துவாச்சாரிப் பக்கமோ காட்பாடிப் பக்கமோ வீடு தேடுகிறவரிடம் தரகர் முதலில் கேட்பது, "வாடகைக்கா, லீஸுக்கா?" என்பதுதான். இந்தக் கேள்வியில் வரும் லீஸ் என்னும் சொல்லுக்குச் சட்டப் புத்தகம் தரும் பொருள் ஒன்று, தரகரும் குடிவரும் குடும்பமும் மனத்தில் கொள்ளும் பொருள் வேறொன்று. ஒரு பெருந்தொகையை வீட்டுக்காரரிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் இரண்டு மூன்று ஆண்டுகள் குடியிருந்து, கெடு முடிந்ததும் கொடுத்த தொகையை அப்படியே திரும்பப் பெற்றுக்கொண்டு காலி செய்வதையே நம் ஊரில் லீஸ் என்கிறோம்.

இச்சொல் ஆங்கிலத்தின் வழியாகத் தமிழுக்கு வந்தது. தளர்த்துதல் எனப் பொருள்படும் லத்தீன் வினை பழைய பிரெஞ்சில் 'விடுதல்' என்று பொருள் மாறி, அங்கிருந்து இங்கிலாந்தின் சட்டமொழிக்குள் நுழைந்தது. வீட்டை வாடகைக்கு 'விடுகிறோம்' என்று நாம் சொல்வதும் ஏறக்குறைய அதே கருத்துதான். 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டம் 105ஆம் பிரிவில் இதை வரையறுக்கிறது: ஒரு விலைக்காகவோ, தவணைதோறும் தரும் பணம் முதலியவற்றுக்காகவோ, அசையாச் சொத்தை அனுபவிக்கும் உரிமையைக் குறித்த காலத்துக்கு மாற்றித் தருவது. இந்த வரையறைப்படி மாத வாடகைக்குக் குடியிருப்பதும் லீஸே. இதற்குரிய தமிழ்ச்சொல் குத்தகை. கன்னடத்தில் குத்திகெ, தெலுங்கில் குத்த என்று இனச்சொற்களை உடைய இச்சொல் இன்று நிலத்தோடும், ஏரி மீனோடும், சந்தைச் சுங்கத்தோடும் ஒட்டிக்கொண்டுவிட்டதால், வீட்டுக்கு அதைச் சொன்னால் காதுக்குச் சற்று அந்நியமாக ஒலிக்கிறது.

தரகர் சொல்லும் லீஸ் குத்தகை அன்று. கொடுத்த முதல் முழுவதும் திரும்பி வருமானால், அது விலையும் ஆகாது, வாடகையும் ஆகாது, அது கடன். வீட்டுக்காரர் கடன் வாங்கியவர், குடியிருப்பவர் கடன் கொடுத்தவர், வீடு அதற்கு ஈடு, வாடகையில்லாக் குடியிருப்பே வட்டி. அதே சட்டத்தின் 58ஆம் பிரிவு இத்தகைய ஏற்பாட்டை அடமான வகைகளுள் ஒன்றாகவே வைக்கிறது. சொத்தின் சுவாதீனம், அதாவது அதைக் கையில் வைத்திருக்கும் நிலை, கடன் கொடுத்தவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. கடன் தீரும்வரை அவர் அதை வைத்துக்கொண்டு, வட்டிக்கு ஈடாக அதன் பலனை அனுபவிக்கிறார்.

இதற்குத் தமிழில் பெயர் இல்லாமல் போகவில்லை. வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் நிலத்தை இன்றும் 'போக்கியத்துக்கு' விடுகிறார்கள். பேச்சில் அது போகியம் என்றாகும். 'அனுபவிக்கத்தக்கது' என்னும் பொருளுடைய வடசொல்லிலிருந்து வந்த இதே சொல்லைப் பெங்களூரில் வீட்டுக்கும் வழங்குகிறார்கள். தமிழ்ச்சொல் ஒற்றி, பேச்சில் ஒத்தி. விற்பதையும் ஒற்றி வைப்பதையும் சேர்த்துச் சொல்லும் வழக்கு கல்வெட்டுகளிலேயே உண்டு. வீட்டுக்காரர் ஒற்றி 'வைக்கிறார்', பணம் கொடுத்தவர் ஒற்றி 'பிடிக்கிறார்' என்னும்போது யார் கையில் பிடி இருக்கிறது என்பது வினையிலேயே தெரிந்துவிடுகிறது. 'லீஸுக்குப் போகிறோம்' என்பதில் அது தெரிவதில்லை. ஆகவே வீட்டு லீஸுக்கு ஒற்றி என்பதே பொருத்தமான சொல் என்பது என் கருத்து. போக்கியம் என்று எழுதினாலும் பிழையில்லை.

குடிவருபவருக்கு இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. குத்தகையில் காலம் முடிந்தால் வீட்டை ஒப்படைத்தாக வேண்டும். பணம் வரவில்லையென்றால் வெளியே நின்றுகொண்டுதான் கேட்க வேண்டும். ஒற்றியிலோ பணம் கைக்கு வரும்வரை சுவாதீனத்தை விடாமல் இருக்க உரிமை உண்டு. "அடுத்த ஆள் வந்து பணம் கொடுத்தால்தான் உங்களுக்குத் தர முடியும்" என்னும் பதிலை லீஸில் இருந்த பலரும் கேட்டிருப்பார்கள். அந்த நேரத்தில் கையில் இருக்கும் பத்திரம் எது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 100 ரூபாயும் அதற்கு மேலுமான தொகைக்கு இத்தகைய அடமானம் பதிவு செய்யப்பட்ட பத்திரத்தால் மட்டுமே செல்லும் என்கிறது 59ஆம் பிரிவு. முத்திரைத்தாளில் 11 மாதத்துக்கு எழுதிக் கையெழுத்திட்ட 'லீஸ் அக்ரிமெண்ட்' பணம் கொடுத்ததற்குச் சாட்சியாக நிற்கலாமே தவிர, வீட்டின்மேல் ஈட்டுரிமையைத் தந்துவிடாது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கே பதிவு கட்டாயம் என்பதால் தோன்றிய வாடகை வழக்கம் அந்த 11 மாதம். லட்சக்கணக்கில் பணம் மாறும் இடத்துக்கு அதைக் கொண்டுவருவது பொருந்தாது.

கடன் கொடுப்பவர் என்று தம்மை எண்ணிக்கொள்பவர் வேறு சிலவற்றையும் பார்ப்பார். சொத்தின்மேல் பதிவாகியுள்ள கடன் முதலியவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்று எடுப்பார். மூலப்பத்திரத்தைக் காட்டச் சொல்வார். வீட்டுக்காரர் ஜெராக்ஸ் பிரதியை மட்டும் நீட்டினால், மூலம் ஏதோ ஒரு வங்கியில் இருக்கிறதா என்று கேட்க வேண்டியது அவசியம். வங்கியின் அடமானம் முந்தியதாக இருந்து தவணை நின்றுபோனால், குடியிருப்பவரின் தொகைக்கு முன்னால் வங்கியின் உரிமைதான் நிற்கும். வருமான வரிச் சட்டம் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் கடனாகவோ வைப்பாகவோ ரொக்கத்தில் வாங்குவதைத் தடுக்கிறது. வங்கிக் கணக்கு வழியாகவே தொகையைக் கொடுப்பது இரு தரப்புக்கும் நல்லது.

கணக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். 5 லட்சம் ரூபாய்க்கு வங்கி வைப்பில் ஆண்டுக்கு 7 விழுக்காடு கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால் மாதம் 3,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு; அதே வீட்டின் வாடகை 6,000 ரூபாய் என்றால் ஒற்றி பிடிப்பது ஆதாயம். அந்த 5 லட்சத்தையே இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கிக் கொடுத்தால் மாதம் 10,000 ரூபாய் வட்டிக்கே போய்விடும்.

வாடகை வீட்டுக்குக் கொடுக்கும் 'அட்வான்ஸ்' இதிலிருந்து வேறானது. அதைக் காப்புத்தொகை என்பதே சரி. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டுச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, அது மூன்று மாத வாடகையை மிஞ்சக் கூடாது என்கிறது.

பதிவுச் செலவையும் வில்லங்கத்தில் பெயர் ஏறுவதையும் காரணம் காட்டி வீட்டுக்காரர் தயங்குவது இயல்பே. கடன் தீர்ந்ததும் ரசீதுப் பத்திரம் பதிவு செய்து தருவதாகக் குடிவருபவர் முதல் பத்திரத்திலேயே எழுதிக் கொடுத்தால் அந்தத் தயக்கத்தில் பாதி குறையும். அதற்கும் இசையாதவரிடம் லீஸ் பேசுவதைக் காட்டிலும், மாத வாடகைக்கு ஒப்பந்தம் எழுதிக்கொள்வதே மேல்.