பிரீஎம்ப்ஷன்: மேற்சட்ட முந்துரிமை

ஒரு பொருள் குறித்துக் கீழ்நிலை ஆட்சி வகுத்த விதியை மேல்நிலைச் சட்டம் செல்லாததாக்குவதையும், அத்தகைய விதியை வகுக்கவே விடாமல் செய்வதையும் அமெரிக்கச் சட்ட வழக்கு ‘பிரீஎம்ப்ஷன்’ என்கிறது. பொதுச் சுகாதாரத்தில், நகராட்சிகளுக்கும் மாநிலச் சட்டமன்றங்களுக்கும் இடையிலான இழுபறியில் இச்சொல் ஓயாமல் அடிபடுகிறது.

இலத்தீனில் ‘ப்ரே’ என்றால் முன். ‘எமெரே’ என்றால் வாங்குதல். பிறர் வாங்குமுன் வாங்கும் உரிமையே சொல்லின் பழம்பொருள். அரசு நிலத்தில் ஏற்கெனவே குடியேறியிருந்தவர், அது பொது ஏலத்துக்கு வருமுன் 160 ஏக்கர் வரை ஏக்கர் 1.25 டாலருக்கு வாங்கிக்கொள்ள வழிசெய்த 1841ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலும் இச்சொல்தான் இருந்தது. பேருந்து ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தமிழில் இதற்கு ‘முன்தடுப்பு’ என்று எழுதினால், சுகாதாரக் கட்டுரையில் அது தடுப்பூசியையே நினைவூட்டும். ‘சட்டமுரண்’ என்பதும் போதாது. இந்திய அரசமைப்பின் 254ஆம் உறுப்பு பேசும் முரண்பாட்டுக்கு இரண்டு சட்டங்கள் மோத வேண்டும், இங்கோ மோதலே தேவையில்லை. 2012இல் நியூயார்க் நகரச் சுகாதார வாரியம் பெரிய குவளைச் சர்க்கரைப் பானங்களுக்கு 16 அவுன்ஸ் வரம்பு விதித்ததைக் கண்ட மிசிசிப்பி மாநிலம், தானாக எந்த வரம்பும் விதிக்காமலே, தன் உள்ளாட்சிகள் அப்படி விதிக்கக்கூடாது என்று 2013இல் சட்டமியற்றியது. கலிஃபோர்னியாவிலும் இதே கதைதான். பெர்க்லி நகரம் 2014இல் வாக்கெடுப்பின் மூலம் அவுன்சுக்கு ஒரு சென்ட் சோடா வரி கொண்டுவந்தது. பிற நகரங்களும் அவ்வழியில் செல்லத் தொடங்கவே, எந்த உள்ளாட்சி வரியையும் கடினமாக்கக்கூடிய வாக்கெடுப்பு ஒன்றைப் பான நிறுவனங்கள் முன்வைத்து நெருக்கின. அதை அவை திரும்பப் பெறுவதற்கு விலையாக, 2030 இறுதிவரை புதிய உள்ளாட்சிச் சோடா வரிகளுக்குத் தடை விதித்து 2018இல் மாநிலம் சட்டம் செய்தது. பெர்க்லி, சான் பிரான்சிஸ்கோ, ஓக்லண்ட், அல்பனி ஆகிய நகரங்களில் ஏற்கெனவே இருந்த வரிகள் மட்டும் தப்பின. இருக்கையில் யாரும் உட்காரவில்லை, துண்டு மட்டும் கிடக்கிறது. ஆகவே ‘மேற்சட்ட முந்துரிமை’ என்பதே பொருந்தும் என்பது என் கருத்து.

எல்லா முந்துரிமையும் இத்தகையதன்று. மேற்சட்டம் குறைந்தபட்சத் தரத்தை மட்டும் வகுத்தால், ஊராட்சி அதற்கு மேலும் கடுமை காட்டலாம். ஃபுளோரிடாவில் அந்த இடமும் இல்லை: புகைபிடித்தல் பற்றிய விதிகளை 1985ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலத்துக்கே ஒதுக்கிக்கொண்டது. தம் கடற்கரைகளிலும் பூங்காக்களிலும் புகைபிடிப்பதைக் கட்டுப்படுத்த உள்ளாட்சிகளுக்கு 2022இல்தான் அனுமதி கிடைத்தது. அப்போதும் வடிகட்டியில்லாச் சுருட்டைத் தொடக்கூடாது என்று மாநிலம் துண்டின் ஒரு முனையை விடாமல் பிடித்துக்கொண்டது.